லாச்சப்பலில் ஓர் இரவல் நகை

பாரிஸின் லாச்சப்பலில் தமிழர்களுக்கிடையே வரும் நகைத் தகராறுகள் பெரும்பாலும் சின்னத் தகராறுகள்தான். கலியாணத்துக்கு இரவல் கொடுத்த ஐந்து பவுண் சங்கிலி திரும்பி வரவில்லை. அவசரக் காசுக்கு ஈடாகக் கொடுத்த காப்பை மீட்கப் போனால், அது வட்டிக்கே சரியாகிவிட்டது என்கிறார்கள். பழைய தங்கத்தைக் கொடுத்துச் செய்வித்த அட்டியல் நிறை குறைந்து வந்திருக்கிறது. இப்படிப்பட்ட வழக்குகள் பிரெஞ்சு நீதிமன்றத்தின் படியேறுவது அரிது என்பதும், கடைக்காரர், கோயில் நிர்வாகி, ஊர்ச் சங்கத் தலைவர் என்று யாராவது ஒருவர் முன்னிலையில் பேசி முடிக்கப்படும் அல்லது முடிக்கப்படாமலே உறவு முறிந்து போகும் என்பதும் எல்லோரும் அறிந்த சங்கதி. அதற்குச் சொல்லப்படும் காரணமும் ஒன்றேதான்: எங்கள் வழக்கம் நம்பிக்கையில் நடப்பது, பிரெஞ்சுச் சட்டம் கடதாசியில் நடப்பது, இரண்டுக்கும் ஒத்துவராது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழரின் சட்ட வரலாற்றையும் பிரான்சின் சட்ட வரலாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தக் காரணத்தின் இரண்டு பாதிகளுமே நிற்பதில்லை. தமிழர் கடதாசி அறியாதவர்களாக இருந்ததில்லை. பிரெஞ்சுச் சட்டமும் கடதாசி இல்லாத நம்பிக்கைக்கு இடம் கொடுக்காமல் இருந்ததில்லை. இரவல் நகையை நீதிமன்றத்திலிருந்து விலக்கி வைத்தவை வேறு: தங்கத்தின் விலை, அடகுத் தொழிலைப் பற்றிய ஒரு பழைய சட்டம், எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்துத் தெருவில் இருந்த நீதிபதி இல்லாமல் போனது.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். லாச்சப்பல் 1859 வரை பாரிஸுக்கு வெளியே இருந்த தனிக் கிராமசபை. 1860 ஜனவரி முதலாம் திகதி நகரத்தோடு சேர்க்கப்பட்டது. பழைய நகர எல்லை ஓடிய இடத்தில்தான் இன்றைய லாச்சப்பல் புல்வார் ஓடுகிறது. அதனால் நாம் லாச்சப்பல் என்று ஒரே பேரில் அழைக்கும் கடைத்தெரு நிர்வாகத்தில் இரண்டாகக் கிடக்கிறது. புல்வாருக்குத் தெற்கே பத்தாம் வட்டாரம், வடக்கே பதினெட்டாம் வட்டாரம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வந்து சேர்ந்த ஈழத்தமிழர், கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் வாடகை மலிவாக இருந்த ஃபோபூர் சான் தெனி, காய் வீதி, பெர்தொனே வீதி ஆகியவற்றில் கடை திறந்தார்கள். மரக்கறிக் கடை, புடவைக் கடை, வீடியோக் கடையோடு நகைக்கடைகளும் வந்தன. பிரெஞ்சு நகைக்கடையின் வழக்கமான தங்கம் 18 கரட். நம்மவர்களுக்கு அது தங்கமாகவே படாது, 22 கரட் வேண்டும். ஆகவே இந்தத் தெருவின் நகை வாணிபம் தொடக்கத்திலிருந்தே நகரத்தின் நகை வாணிபத்துக்கு வெளியே, தனக்கென்று ஒரு நிறையும் மாற்றும் கைராசியும் வைத்துக்கொண்டு நடந்தது.

நம்பிக்கையில்தான் எங்கள் வழக்கம் நடந்தது என்ற முதல் பாதியை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தின் வழக்கங்களை 1707இல் தொகுத்து எழுதியவர் ஒல்லாந்தக் கொம்பனியின் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ். ஆளுநர் சைமன்ஸின் கட்டளைப்படி எழுதப்பட்ட, தேசவழமை எனப்படும் அந்தத் தொகுப்பைத் தமிழில் பெயர்த்து, பன்னிரண்டு முதலியார்களிடம் கொடுத்துச் சரிபார்த்தார்கள். அதில் சீதனமும் முதுசமும் மட்டும் இல்லை. ஒற்றி, ஈடு, வாடகை, விற்பனை, வட்டிக் கடன் என்று கொடுக்கல் வாங்கலுக்கே பல பகுதிகள் உண்டு. கொடுக்கல் வாங்கல் பற்றிய விதிகள் இத்தனை விரிவாகத் தேவைப்பட்ட ஒரு சமூகத்தை வாய்ச்சொல்லில் மட்டும் வாழ்ந்த சமூகம் என்று சொல்ல முடியாது. ஓலை எழுதுவதும் சாட்சி வைப்பதும் அன்றாடம் நடந்தவை. ஆங்கிலேயர் காலத்தில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காணிக் கைமாற்றத்துக்கு நொத்தாரிசு உறுதியைக் கட்டாயமாக்கியது. அதன்பின் உறுதி இல்லாமல் காணி வாங்குபவனை ஊரே சிரிக்கும் நிலை வந்தது. நகைக்கு அப்படியொரு உறுதியை யாரும் கேட்கவில்லை. அதே சட்டம் அசையும் பொருளின் ஈட்டைப் பற்றிப் பேசும்போதும், பொருள் கையில் ஒப்படைக்கப்பட்டிருந்தால் எழுத்தை வற்புறுத்தவில்லை. எழுதுவதா வேண்டாமா என்பது பொருளைப் பார்த்து எடுத்த முடிவு. காணி ஓரிடத்தில் கிடக்கும், அதற்கு நாலு எல்லையும் எழுதிவைக்க வேண்டும். இரவல் வாங்கிய பதக்கச் சங்கிலி நானூறு பேர் கூடிய பந்தலில் ஒரு கழுத்தில் ஏறுகிறது. அது யாருடைய சங்கிலி, எந்தத் தட்டான் செய்தது, யாருக்குச் சீதனமாக வந்தது என்பதெல்லாம் பந்தலில் இருக்கும் பெண்களில் பாதிப் பேருக்கு மனப்பாடம். அந்தப் பந்தலே சாட்சிப் பட்டியல்.

ஆகவே, பாரிஸுக்கு வந்தபோது நாங்கள் தொலைத்தது எழுதும் பழக்கத்தை அல்ல, அந்தப் பந்தலை. வாடகைக்கு எடுத்த புறநகர் மண்டபத்தில் கூடும் நானூறு பேரில் சங்கிலியின் பூர்வீகம் தெரிந்தவர்கள் நாலு பேர் இருந்தால் அதிகம். ஒருவர் லண்டன், ஒருவர் தொரொன்தோ, மற்றவர்கள் ஊரில்.

இனி இரண்டாவது பாதி. பிரெஞ்சுச் சட்டம் கடதாசிச் சட்டம் என்பதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 1566இல் மூலேன் நகரில் பிறப்பித்த அரச கட்டளை நூறு லீவ்ருக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களைச் சாட்சிகளால் மட்டும் நிரூபிக்க முடியாது என்றது. 1804இன் குடியியல் சட்டக்கோவை அந்த வரம்பை 150 பிராங்காக எழுதியது. 2004இல் வந்த ஆணையின்படி அது 1500 யூரோ. இந்த எண்களைப் படித்துவிட்டு, அதற்கு மேல் எழுத்து இல்லாவிட்டால் வழக்கே இல்லை என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் அதே சட்டக்கோவை அடுத்த பிரிவிலேயே கதவைத் திறந்து வைக்கிறது. எழுத்துப் பெறுவது சூழ்நிலையால் முடியாமல் போயிருந்தால், அல்லது உறவின் நெருக்கம் காரணமாக எழுதித் தா என்று வாய்விட்டுக் கேட்க முடியாதிருந்தால், எழுத்துத் தேவையில்லை. பெற்றோர் பிள்ளைகளுக்கிடையேயும் கணவன் மனைவிக்கிடையேயும் இந்த விலக்கை நீதிபதிகள் நெடுங்காலமாக ஏற்று வந்திருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் சீர்திருத்தம் இன்னும் ஒரு படி போனது: எழுதிக்கொள்ளாமல் இருப்பதே வழக்கமாக உள்ள இடத்திலும் எழுத்துத் தேவையில்லை என்பது இப்போது 1360ஆம் பிரிவின் வாசகத்திலேயே இருக்கிறது. தங்கைமுறையானவளிடம் சங்கிலியைக் கழற்றிக் கொடுக்கும்போது ரசீது கேட்பது எங்களிடத்தில் எவ்வளவு அவமானம் என்பதை நாங்கள்தான் நீதிபதிக்குச் சொல்ல வேண்டும், நிரூபிக்கவும் வேண்டும். ஆனால் சொன்னால் கேட்க வேண்டும் என்று அவருடைய சட்டமே அவருக்குச் சொல்கிறது.

இன்னொரு கதவும் உண்டு. எதிராளியின் கையிலிருந்தே வந்த ஏதாவது ஓர் எழுத்து, ஒப்பந்தம் நடந்திருக்கலாம் என்று நம்ப வைத்தால், அதை எழுத்துச் சான்றின் தொடக்கமாக எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சாட்சிகளால் நிரப்பலாம். 2000ஆம் ஆண்டில் மின்னெழுத்துக்கும் காகித எழுத்துக்குரிய மதிப்பைச் சட்டம் கொடுத்துவிட்டது. “அக்கா, சங்கிலியை வாற ஞாயிறு கொண்டுவந்து தாறன்” என்று கைத்தொலைபேசியில் வந்த ஒரு வரி போதும், வழக்கு உயிர் பெற்றுவிடும். சத்தியப்பிரமாணம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் அதைப் பிரெஞ்சில் தர வேண்டும், அவ்வளவுதான். அதன்பின் கலியாண அல்பமும் ஒளிப்பதிவும் துணைக்கு வரும். மூன்று மணி நேரம் ஓடும் எங்கள் கலியாண ஒளிப்பதிவுகளை யாரும் முழுதாகப் பார்ப்பதில்லை. இழந்த பந்தலின் வேலையில் ஒரு பங்கை அவையாவது செய்யட்டும்.

எழுத்தும் சாட்சியும் எதுவுமே இல்லாவிட்டாலும் பிரெஞ்சுச் சட்டத்தில் ஒரு கடைசி வழி உண்டு. நம்மவர் அறியாதது, அறிந்தால் ஆச்சரியப்படுவது. வழக்கின் முடிவையே எதிராளியின் சத்தியத்தில் விட்டுவிடலாம். நீ வாங்கவில்லை என்று சத்தியம் பண்ணு என்று கேட்கலாம். அவர் பண்ணினால் வழக்கு அத்தோடு தீர்ந்தது, பொய் என்று பிறகு நிரூபிக்கவும் இடமில்லை. பண்ண மறுத்தால், அந்தச் சத்தியத்தைக் கேட்டவர் பக்கமே திருப்பியும் விடாவிட்டால், அவர் தோற்றார். பொய்ச் சத்தியத்துக்குக் குற்றவியல் தண்டனை உண்டு. கற்பூரம் கொளுத்தி அணைத்துத் தீர்த்த வழக்குகளுக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான். பிரித்தானியர்கூட இந்தியாவில் 1873ஆம் ஆண்டுச் சத்தியச் சட்டத்திலும், இலங்கையில் 1895ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலும் இந்த வழிக்கு இடம் விட்டிருந்தார்கள். இந்தியா 1969இல் அதை எடுத்துவிட்டது. மதத்தைப் பொதுவாழ்விலிருந்து அவ்வளவு கவனமாகப் பிரித்து வைத்த பிரான்ஸ், சாமி இல்லாத சத்தியமாக அதை இன்றைக்கும் வைத்திருக்கிறது.

நீதிபதிக்கு எங்கள் வழக்கம் என்ன தெரியும் என்ற கேள்விக்குப் புதுச்சேரி பதில் சொல்கிறது. பிரெஞ்சுக் கொம்பனிக் காலத்தில் தமிழருக்கிடையிலான சிவில் வழக்குகளைத் தனியாக விசாரித்த ஒரு நீதிமன்றம் அங்கே இருந்தது. சாவடியில் கூடியதால் பிரெஞ்சுக்காரரும் அதைச் சாவடி நீதிமன்றம் என்றே எழுதினார்கள். 1778இல் அதற்கு முறையான ஒழுங்குவிதி எழுதப்பட்டது. 1766 முதல் 1817 வரையிலான அதன் தீர்ப்புகளை ஜான் குளோத் போனான் தொகுத்துப் பதிப்பித்திருக்கிறார். நீதிபதி பிரெஞ்சுக்காரர், சட்டம் தரப்பினரின் வழக்கம். அந்த வழக்கம் என்னவென்று தெரியாத இடத்தில் சாதிப் பெரியவர்களைக் கேட்டார்கள், நடுவர்களிடம் விட்டார்கள். 1746இல் கொம்பனியின் பெரிய துபாஷி கனகராய முதலி இறந்து, அவர் சொத்துக்கு மனைவியும் தம்பியும் போட்டியிட்டபோது, டூப்ளெக்ஸ் போன்ற அதிகார மோகம் கொண்ட ஆளுநர்கூடத் தமிழ்ச் சாதித் தலைவர்களின் கருத்தைக் கேட்க வேண்டியிருந்தது. பிரெஞ்சுச் சட்டக்கோவைகள் புதுச்சேரிக்கு வந்த 1819 ஜனவரி 6ஆம் திகதி ஆணையும், இந்தியர்கள் முன்போலவே தங்கள் சாதியின் சட்டம், வழக்கம், மரபுப்படி விசாரிக்கப்படுவார்கள் என்று சொன்னது. 1827இல் நீதிமன்றங்களுக்கு இந்து வழக்கம் பற்றி ஆலோசனை சொல்ல ஒரு தமிழர் குழுவே அமைக்கப்பட்டது. பிரெஞ்சு நீதிபதியும் தமிழ் வழக்கமும் முதல் தடவையாகச் சந்திப்பது லாச்சப்பலில் அல்ல.

இதைப் பொற்காலமாக்கிப் பேசவும் கூடாது. வழக்கம் என்றால் அங்கே சாதி வழக்கம் என்று பொருள். யாருடைய சொல் எடுபடும் என்பதைச் சாதியும் ஆண் என்பதும் தீர்மானித்தன. மொழியும் சும்மா விடவில்லை. 1716இல் கொம்பனியின் தரகர் நைனியப்ப பிள்ளையைக் கைதுசெய்து தண்டித்தபோது எழுந்த பெரிய குறை, அவருக்குத் தெரியாத பிரெஞ்சில் விசாரணை நடத்தினார்கள் என்பதே. அவர் 1717இல் சிறையிலேயே இறந்தார். மகன் குருவப்ப பிள்ளை பிரான்சுக்கே கப்பலேறி வந்து, ஞானஸ்நானம் பெற்று, செவாலியே பட்டத்தோடும் தகப்பன் மேலிருந்த பழி நீங்கியும் திரும்பினார். மேல்முறையீட்டுக்காக ஒரு தமிழ்க் குடும்பம் பிரான்சுக்கு வந்து முந்நூறு வருடங்களாகின்றன. அந்த வழக்கு கற்பிப்பது என்னவென்றால், இடையூறு சட்டத்தின் உள்ளடக்கத்தில் இருந்ததைவிட, மொழிபெயர்ப்பவர் யார், கேட்பவர் எந்தப் பக்கம் என்பதில் அதிகம் இருந்தது. இன்றைக்கும் அதுவே.

அப்படியானால் சட்டத்தில் தடையே இல்லையா? இருக்கிறது, இரண்டு இடங்களில். முதலாவது, தங்கத்தின் விலை. 1804இன் 150 பிராங்கை அன்றைய தங்க நாணயத்தால் அளந்தால் 43 கிராம் சுத்தத் தங்கம், ஏறக்குறைய ஐந்தரைப் பவுண். அதாவது ஒரு நடுத்தரச் சங்கிலி வழக்கை எழுத்தே இல்லாமல் சாட்சியை வைத்துக்கொண்டு நடத்தலாம் என்பதுதான் நெப்போலியன் காலத்து அளவு. 2004இல் வரம்பை 1500 யூரோவாக்கியபோது ஒரு கிராம் தங்கம் பத்து யூரோவைச் சற்றுத்தான் தாண்டியிருந்தது, ஆகவே 17 பவுணுக்கு மேல். தாலிக்கொடி, அட்டியல், காப்பு எல்லாம் சேர்ந்தே அந்த வரம்புக்குள் அடங்கும். 2025இல் கிராம் 80 யூரோவுக்கு மேல் விற்று, வருடக் கடைசியில் 100ஐயும் தாண்டியது. இப்போது 1500 யூரோவுக்கு இரண்டு பவுண்கூடத் தேறாது. வரம்பின் எண் மாறவில்லை, ஆனால் ஒரு மோதிரத்துக்கும் ஒரு சோடித் தோட்டுக்கும் மேல் உள்ள நகை எல்லாமே எழுத்துக் கேட்கும் பக்கத்துக்குத் தள்ளப்பட்டுவிட்டது. இருபது வருடத்துக்கு முன் இரவல் கொடுத்துப் பழகியவர்கள் அதே பழக்கத்தில் இன்றும் கொடுக்கிறார்கள். இடையில் அவர்களைத் தாண்டி ஓடியது தங்கம். போதாக்குறைக்கு, அசையும் பொருளை வைத்திருப்பவரே அதன் உரிமையாளர் என்று முதலில் கொள்ளும் விதி பிரெஞ்சுச் சட்டத்தின் தூண்களில் ஒன்று. நகையை வைத்திருப்பவர், எனக்கு அன்பளிப்பாகத் தந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் நிரூபிக்கும் பாரம் கொடுத்தவர் தலையில் வந்து விழும். ஆனாலும் குடும்ப நகை என்றால் பிரெஞ்சு நீதிமன்றமே தயங்குகிறது. மருமகளுக்குப் போட்ட பரம்பரை நகை அன்பளிப்பா, இரவலா என்ற கேள்வி பிரெஞ்சுக் குடும்பங்களிலும் உண்டு. விவாகரத்தின்போது அது இரவலே என்று தீர்த்துத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன தீர்ப்புகளும் உண்டு.

இரண்டாவது தடை, அடைவு. இரவலுக்கும் அடைவுக்கும் சட்டத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பிரான்சில் அடைவுக்கடை என்பது தனியார் நடத்தக்கூடிய தொழிலே அல்ல. 1637இல் தியோஃப்ராஸ்த் ரெனோதோ பாரிஸில் ஓர் அடைவகத்தைத் தொடங்கினார். அது நிலைக்கவில்லை. 1777இல் பதினாறாம் லூயி மறுபடி நிறுவியது நிலைத்தது. 1804 பெப்ரவரிச் சட்டம், ஏழைகளின் நன்மைக்காக அரசு அனுமதித்த நிறுவனங்கள் தவிர வேறு யாரும் அடைவு பிடிக்கக் கூடாது என்றது. அந்த ஏகபோகம் இன்றும் உண்டு. பிரெஞ்சு மக்கள் செல்லமாக “என் அத்தை வீடு” என்று சொல்லும் அந்த இடம், மரே பகுதியில் பிரான்-பூர்ஜுவா வீதி 55ஆம் இலக்கத்தில் க்ரெதி முனிசிப்பால் என்ற பேரில் நடக்கிறது. அங்கே வைத்த நகை மீட்கப்படாமல் ஏலம் போனால், கடனும் வட்டியும் செலவும் போக மிச்சக் காசு வைத்தவருக்கே வரும். நம்மவர்கள் ஏன் அங்கே போகவில்லை? அடையாள அட்டையும் விலாசமும் கேட்பார்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அகதி மனு ஒஃப்ரா என்ற அகதிகள் அலுவலகத்தில் கிடக்க, பயண ஏஜென்சிக் கடனைக் கட்ட வேண்டியவனுக்குத் தெருக்கோடியில் தமிழில் பேசி, உடனே காசு தந்தவரே வசதி. அந்த வசதியின் விலை பிறகு தெரிந்தது. தொழிலாகவே அடைவு பிடிப்பவர் சட்டத்துக்கு வெளியே நிற்பவர், அவர் துண்டு எழுதிக் கொடுக்க மாட்டார். வைத்தவரும் கேட்க மாட்டார். இந்த இடத்தில் கடதாசி இல்லாமல் போனதற்கு நம்பிக்கை காரணமே அல்ல, இரண்டு பேருக்கும் இருந்த பயம்தான் காரணம். நம்பிக்கை என்ற அழகான சொல்லை அதன் மேல் போர்த்தியது பிற்காலம். ஆனால் இங்கேயும் வைத்தவரின் உரிமை முற்றாகச் செத்துவிடுவதில்லை. செல்லாத ஒப்பந்தம் என்று நீதிமன்றம் சொன்னால், வாங்கியதை அவரவர் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் பிரெஞ்சுச் சட்டத்தின் பொதுவிதி.

இதெல்லாம் எதற்கு, எங்களுக்குள் பெரியவர்கள் பேசித் தீர்ப்பது இலகு, மலிவு, கௌரவம் என்பார்கள். தீர்ப்பவர் நேர்மையானவராகவும் இரண்டு பக்கமும் அவரை மதிப்பவர்களாகவும் இருந்தால் அது உண்மைதான். ஆனால் நம் வரலாறு பஞ்சாயத்தை அவ்வளவு தூக்கி வைக்கவில்லை. 1816இல் சென்னை மாகாணத்தில் தாமஸ் மன்றோவின் முயற்சியால் இரண்டு ஒழுங்குவிதிகள் ஒரே நேரத்தில் வந்தன. அந்த ஆண்டின் நான்காம் இலக்க விதி, பத்து ஆற்காட்டு ரூபாய்க்கு மேற்படாத காசு மற்றும் அசையும் பொருள் வழக்குகளைக் கிராம முன்சீப் விசாரிக்கலாம் என்றது. ஐந்தாம் இலக்க விதி, கிராமப் பஞ்சாயத்துக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது. இந்தியக் கிராமத்தின் ஆன்மாவே பஞ்சாயத்துத்தான் என்று நம்பிய மன்றோவுக்கு ஏமாற்றம். ஐந்தாவது விதியின் பஞ்சாயத்தை மக்கள் பெரிதாக நாடவில்லை. கிராம முன்சீப்போ பெயரும் வரம்பும் மாறி மாறி, அடுத்த நூற்றாண்டிலும் இருந்தார். பஞ்சாயத்துக்குத் தன் தீர்ப்பை நிறைவேற்றும் கை கிடையாது, கைக்குப் பதிலாக ஊர்விலக்கு இருந்தது. ஊர்விலக்கு வேலை செய்ய ஊர் வேண்டும். லாச்சப்பலில் ஒருவர் தீர்ப்புப் பிடிக்காவிட்டால் மெத்ரோ ஏறி வேறு கடைக்குப் போய்விடுகிறார். அப்போது தீர்ப்பை நிறைவேற்ற எஞ்சுவது இரண்டே: வெட்கம், இல்லாவிட்டால் மிரட்டல். வெட்கப்படும் பக்கம் பெரும்பாலும் பெண். அவளுடைய சீதன நகையைப் பற்றிப் பேசக் கூடும் இடத்தில் அவள் இருப்பதுகூட இல்லை.

ஆகவே கேள்வி, நீதிபதியா பெரியவரா என்பதாக இருக்க வேண்டியதில்லை. நீதிபதி எவ்வளவு பக்கத்தில் இருக்கிறார் என்பதே கேள்வி. பிரெஞ்சுப் புரட்சி இதை நன்றாக உணர்ந்திருந்தது. 1790 ஓகஸ்ட் சட்டம் கான்தோன் என்ற சிறு நிர்வாகப் பிரிவு ஒவ்வொன்றிலும் ஒரு சமாதான நீதிபதியை வைத்தது. அவர் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை, அந்தப் பகுதி மக்கள் தேர்ந்தெடுத்த, அவர்களை அறிந்த ஆளாக இருந்தால் போதும். சின்ன வழக்கை அவரே தீர்த்தார், பெரிய வழக்குக்குப் போகுமுன் சமரசத்துக்கு அழைத்தார். சாவடி நீதிமன்றத்துக்கும் கிராம முன்சீப்புக்கும் இலங்கையின் 1958ஆம் ஆண்டு இணக்க சபைகளுக்கும் அடியில் ஓடியதும் இதே எண்ணம்தான். விசித்திரம் என்னவென்றால், இலங்கை இணக்க சபைகளை உருவாக்கிய அதே 1958இல் பிரான்ஸ் சமாதான நீதிபதியை ஒழித்தது. பதிலுக்கு வந்த சிறு வழக்கு நீதிமன்றங்கள் பாரிஸில் வட்டாரத்துக்கு ஒன்றாக, இருபது இடங்களில் இருந்தன. 2002இல் அண்மை நீதிபதி என்ற பெயரில் பழைய யோசனையை மறுபடி கொண்டுவந்து, 2017இல் அதையும் கைவிட்டார்கள். 2018இல் இருபது நீதிமன்றங்களும் போர்த் து கிளிஷியில் ரென்சோ பியானோ வரைந்த 160 மீட்டர் உயரக் கண்ணாடிக் கோபுரத்துக்குள் போயின. 2020 முதல் அவை பெரிய நீதிமன்றத்தின் ஒரு பிரிவு.

லாச்சப்பலிலிருந்து இரண்டாம் இலக்க மெத்ரோவில் ஏறி, பிளாஸ் து கிளிஷியில் பதின்மூன்றுக்கு மாறினால் அரை மணிக்குள் கோபுரம் வந்துவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து பாரிஸ் வரை வந்தவர்களுக்கு இது ஒரு தூரமா என்று கேட்கலாம். கேட்பதில் நியாயம் இருக்கிறது, ஆனால் இங்கே நான் சொல்லும் தூரம் கிலோமீட்டரில் அளப்பதல்ல. கலியாணப் பதிவுக்கும் பிள்ளையின் பள்ளிக்கூட அனுமதிக்கும் ஏறி இறங்கிய நகரசபைப் படி பழகிய படி. அங்கே யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியும். பாதுகாப்பு வாயிலில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டிய கோபுரத்தில் முதலில் தோன்றுவது, இது குற்றம் செய்தவர்கள் போகும் இடம் என்ற எண்ணம். சிவில் வழக்கையும் பொலிஸ் வழக்கையும் ஒரே பயத்தோடு பார்க்கும் ஒரு தலைமுறைக்கு அந்தக் கட்டடம் எதையும் பிரித்துக் காட்டுவதில்லை.

எஞ்சியிருப்பவர் சமரசக்காரர். 1978இல் உருவாக்கப்பட்ட இந்தப் பதவியில் இருப்பவர்கள் சம்பளம் இல்லாத தொண்டர்கள், பலர் ஓய்வுபெற்றவர்கள். நகரசபைகளிலும் சட்ட உதவி மையங்களிலும் குறித்த நாளில் அமர்கிறார்கள், காசு வாங்குவதில்லை. 5000 யூரோ வரையிலான பெரும்பாலான பிணக்குகளில் நீதிமன்றத்துக்கு மனுப் போடுமுன் இவரிடமோ வேறு நடுவரிடமோ போய்ப் பார்த்திருக்க வேண்டும் என்ற விதி 2020இல் வந்து, 2022இல் நிர்வாக உயர்நீதிமன்றத்தால் விழுந்து, 2023 ஒக்டோபரில் திரும்பவும் எழுந்திருக்கிறது. 1790இன் சமரசப் படியையே புரட்சியின் பேரப்பிள்ளைகள் சுற்றி வளைத்துத் திரும்பப் பிடித்திருக்கிறார்கள். இன்றைய விலையில் மூன்று நாலு பவுண் சங்கிலி இந்த 5000க்குள் அடங்கும். சமரசக்காரர் முன்னால் இரண்டு பேரும் கையெழுத்திட்ட உடன்பாட்டை நீதிபதி அங்கீகரித்தால் அது தீர்ப்பைப் போலவே நிறைவேற்றப்படும். ஊர்ப் பெரியவர் கொடுக்க முடியாதது இதுதான். உடன்பாடு வராவிட்டால் மனுப் படிவத்தை நிரப்பிக் கோபுரத்துக்கு அனுப்பலாம். 10,000 யூரோ வரை வழக்கறிஞர் கட்டாயமில்லை, கணவனோ மனைவியோ நெருங்கிய உறவினரோ கூடவே வந்து பேசலாம். ஆனால் சமரசக்காரரின் மேசையில் மொழிபெயர்ப்பாளர் இருப்பதில்லை, தெரிந்தவரைத் தாங்களே கூட்டிக்கொண்டு போக வேண்டும். லாச்சப்பலில் பிரெஞ்சும் தமிழும் நன்றாகத் தெரிந்து, இரண்டு பக்கத்துக்கும் சொந்தமும் கடனும் இல்லாத ஒருவரைத் தேடிப் பிடிப்பதுதான் இன்று இந்த வழக்கில் மிகக் கடினமான வேலை. கோயிலும் ஊர்ச் சங்கங்களும் தீர்ப்புச் சொல்வதை விட்டுவிட்டு அந்த ஒருவரை ஒழுங்கு செய்துகொடுக்கலாம்; அதற்கு அவர்களிடம் ஆளும் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையும் இருக்கிறது.